மரக்காணம் உப்பளக் கடற்கரை: ரயில்வழி ஒருநாள் பயணத் திட்டமிடல்

மரக்காணம் என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், வங்காள விரிகுடாக் கரையோரம் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியாகச் செல்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றைப் போலவே இதுவும் தமிழகத்தின் முக்கியமான உப்பு விளையும் பகுதிகளுள் ஒன்று. உப்பளங்கள், கழுவேலி ஈரநிலம், பக்கிங்காம் கால்வாயின் தென்முனை, சோழர் காலச் சிவன் கோயில் ஆகியவை இங்கு அருகருகே அமைந்திருப்பதால் மாணவர்களின் கல்விப் பயணத்துக்கு ஏற்ற இடமாக விளங்குகிறது.

ஆனால் மரக்காணத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் சென்று அன்றே திரும்ப விரும்புவோர் கடைசி 35 கி.மீ. தொலைவைச் சாலை வழியே கடக்க வேண்டும். உப்பள வேலையோ விடியலுக்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறியதும் ஓய்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் கணக்கில் கொள்ளாமல் செல்பவர்கள் ஆளில்லாத பாத்திகளையும் வெண்மையான உப்புக் குவியல்களையும் மட்டுமே பார்த்துத் திரும்புவார்கள். பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் ரயில் பாதையும்

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை கடற்கரையை ஒட்டிச் செல்வதில்லை. தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம் என உள்நாட்டு ஊர்கள் வழியாகவே செல்கிறது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே பிரியும் கிளைப் பாதை புதுச்சேரியில் முடிகிறது. சுமார் 38 கி.மீ. நீளமுள்ள இக்கிளைப் பாதை 1879ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

இதனால் மரக்காணத்துக்கு இரு ரயில் நிலையங்கள் ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன. மேற்கே திண்டிவனம், தெற்கே புதுச்சேரி. இரண்டும் சாலை வழியே சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 179 கி.மீ. நீளத்தில் ஒரு கடற்கரை ரயில் பாதை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது. எனினும் அப்பாதை இன்னும் கட்டப்படவில்லை.

பழைய வழிகள்

இக்கரையில் வழிகாட்டுவது பழைய மரபு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, பரிசு பெற்று மீண்ட பாணன் ஒருவன் வறுமையில் வாடும் மற்றொரு பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது. இதைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. இடைக்கழிநாடு என்னும் பெயர் மரக்காணத்துக்கு வடக்கே உள்ள கடலோரப் பகுதிக்கு இன்றும் வழங்குகிறது. அந்நூல் கூறும் வழியில் முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும், பின்னர் வேலூரும், ஆமூரும், முடிவில் கிடங்கிலும் வருகின்றன. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என அறிஞர் பலர் கருதுகின்றனர். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எனவே திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் செல்பவர், அப்பாணன் சென்ற திசைக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறார் எனலாம்.

அடுத்தது நீர்வழி. 1806ஆம் ஆண்டு சென்னைக்கு வடக்கே ஒரு சிறு கால்வாயாகத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய், பின்னர் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளமுள்ள உவர்நீர் வழியாக வளர்ந்தது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. உப்பும் விறகும் இக்கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன. ரயிலும் சாலையும் பெருகிய பின் படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று.

எந்த மாதத்தில் செல்வது

உப்பு விளைச்சல் வெயிலையும் காற்றையும் நம்பியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை, மாசி மாதங்களில் பாத்திகளைச் செப்பனிடும் பணி நடைபெறும். அதன்பின் கோடை முழுவதும் உப்பு வாரப்படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் பாத்திகளை மூடிக்கொள்வதால் வேலை நின்றுவிடும். இம்மாதங்களில் வருமானம் இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது.

பறவைகளின் பருவம் இதற்கு நேர்மாறானது. கழுவேலியில் நீர் நிறைந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையே வலசைப் பறவைகள் மிகுதியாக வரும். ஆகவே பயணத்தின் நோக்கத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

உப்பு வாருவதைக் காண: மார்ச் முதல் ஆகஸ்டு வரை.
பறவைகளைக் காண: டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை.
இரண்டையும் ஓரளவு காண: பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்கம்.

மழைக்காலத்தில் ரயில் போக்குவரத்தும் தடைபடக்கூடும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்த வெள்ளத்தால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவை எட்டியது. டிசம்பர் 2 அன்று அவ்வழியே ரயில்கள் நிறுத்தப்பட்டன. அந்தப் பகுதி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ளது. எனவே புயல் எச்சரிக்கை உள்ள நாள்களில் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

உப்பளத்தின் நேரம்

உப்பு விளையும் முறையை அறிந்தால், எப்போது சென்றால் எதைக் காணலாம் என்பது விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பு. கழியிலிருந்தோ கிணறுகளிலிருந்தோ எடுக்கப்படும் உவர்நீர் முதலில் பெரிய பாத்திகளில் தேக்கப்படுகிறது. வெயிலில் நீர் ஆவியாக ஆக, அது அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றப்படுகிறது. கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் நிலையில் ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் உப்பு படிகமாகும். அந்நிலையில் நீரின் அடர்த்தி போமே அளவியில் சுமார் 25 பாகையாக இருக்கும். கடல்நீரின் தொடக்க அளவு சுமார் 3.5 பாகை மட்டுமே. உப்பு படிந்த பின் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அந்நீரை வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும்.

ஆவியாக்கும் வேலையை வெயில் பகல் முழுவதும் செய்கிறது. ஆனால் படிந்த உப்பை வாருவதை நண்பகல் வெயிலில் செய்ய முடியாது. பாத்தி நீரும் உப்புப் பரப்பும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண் கூசும். காலில் உப்புநீர் ஊறிப் புண்ணாகும். நிழலுக்கு ஒரு மரம்கூட இராது. அதனால் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே வந்து, நீண்ட கைப்பிடியுள்ள மரப்பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்குகின்றனர். நீர் வடிந்ததும் அதைத் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுசென்று குவிக்கின்றனர். சுமப்பவர்களில் பெண்கள் பலர். முற்பகலுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

நேரக் கணக்கு

சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ. விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்கவும் காத்திருக்கவும் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். மரக்காணம் செல்லும் பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மொத்தத்தில் ஒருவழிக்கு நான்கு மணி நேரம் எனக் கொள்வது பாதுகாப்பானது.

காலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 8 மணிக்கு வீடு திரும்ப நினைப்பவருக்கு மொத்தம் 14 மணி நேரம் உண்டு. அதில் 8 மணி நேரம் போக்குவரத்துக்கே போய்விடும். எஞ்சுவது காலை 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரையுள்ள ஆறு மணி நேரம். இதுவே இப்பயணத்தின் முக்கியச் சிக்கல். அந்த ஆறு மணி நேரத்தில்தான் உப்பளத்தில் வேலை ஓய்ந்திருக்கும். கோயில் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். பறவைகளும் வெயிலில் ஒதுங்கியிருக்கும். ரயிலின் வசதியை மட்டும் பார்த்து வகுக்கும் திட்டம், ஊரின் நேரத்தைத் தவறவிட்டுவிடும்.

மூன்று திட்டங்கள்

1. முதல்நாள் மாலை புறப்படுதல்

உப்பு வாருவதைக் காண விரும்புவோருக்கு இதுவே சிறந்தது. மாலை ரயிலில் திண்டிவனம் சென்று அங்குத் தங்க வேண்டும். மரக்காணம் செல்லும் முதல் பேருந்தின் நேரத்தை அன்றிரவே பேருந்து நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலைப் பேருந்தில் சென்றால் காலை 9 மணி வரை உப்பளத்தில் இருக்கலாம். பின்னர் கோயிலைப் பார்த்துவிட்டு, முற்பகலிலேயே திண்டிவனம் திரும்பி ரயில் ஏறலாம். ஓர் இரவு வெளியே தங்கினாலும், வீட்டை விட்டு விலகியிருக்கும் நேரம் 24 மணிக்குள் அடங்கிவிடும்.

2. அதே நாளில் சென்று திரும்புதல்

பறவைப் பருவத்துக்கும், கோயில், கால்வாய், கடற்கரை ஆகியவற்றைக் காண்பதற்கும் இது போதும். காலையில் கிடைக்கும் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். மரக்காணம் சேர்ந்ததும் முதலில் உப்பளச் சாலைக்கும், நடை சாத்துவதற்கு முன் கோயிலுக்கும், உணவுக்குப் பின் கால்வாய்ப் பகுதிக்கும் செல்வது நல்ல வரிசை.

3. ஒருவழி ரயில், மறுவழிப் பேருந்து

திண்டிவனம் வரை ரயிலில் சென்று, திரும்பும்போது மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் நேரே சென்னை திரும்பலாம். சாலை வழித் தொலைவும் சுமார் 120 கி.மீ. தான், பேருந்து மாற வேண்டியதில்லை. எல்லாப் பேருந்துகளும் மரக்காணத்தில் நிற்பதில்லை என்பதால் நடத்துநரிடம் கேட்டு ஏற வேண்டும். காலையில் எழும்பூரிலிருந்து புதுச்சேரி செல்லும் பயணிகள் ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் வடக்கே வருவதும் ஒரு வழி. ஆனால் அது விழுப்புரத்தைச் சுற்றிச் செல்வதால் நேரம் கூடும். புதுச்சேரியையும் பார்க்க நினைப்பவர்களுக்கே அது பொருந்தும்.

விழுப்புரத்திலிருந்து வருவோருக்கு ரயில் பயணம் சுமார் 38 கி.மீ. மட்டுமே. அதிகாலை ரயில் கிடைத்தால் அன்றே வேலை நேரத்தின் ஒரு பகுதியைக் காணலாம். புதுச்சேரியிலிருந்து வருவோருக்கு ரயில் தேவையில்லை. நேரடிப் பேருந்தே போதும்.

பயணச்சீட்டு பற்றி

இவ்வளவு குறுகிய தொலைவுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. முன்பதிவற்ற பயணச்சீட்டை நிலையத்திலோ ரயில்வேயின் கைபேசிச் செயலியிலோ வாங்கலாம். 199 கி.மீ. வரையுள்ள பயணத்துக்கு அச்சீட்டை வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அவ்வழிச் செல்லும் முதல் ரயில் புறப்படும் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே திரும்பும் சீட்டைத் திண்டிவனத்தில் வாங்குவதே முறை.

சாதாரணப் பயணிகள் ரயிலுக்கான சீட்டுடன் விரைவு ரயிலில் ஏறக்கூடாது. அதிவிரைவு ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. புதுச்சேரிக்குச் சீட்டு வாங்கிவிட்டு இடையே திண்டிவனத்தில் இறங்கி, பின்னர் அதே சீட்டில் பயணத்தைத் தொடரவும் முடியாது. இடைநிறுத்த வசதி 500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணங்களுக்கே உரியது. குழுவாகச் செல்லும் பள்ளிகள் முன்பதிவு செய்வது நல்லது. முன்பதிவு, 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது.

காணத்தக்கவை

உப்பளங்கள்: ஊரை ஒட்டியே பரந்து கிடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தே பாத்திகளையும், கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடப்பட்ட உப்புக் குவியல்களையும் காணலாம். பழந்தமிழில் உப்பு விளையும் நிலத்துக்கு அளம் என்று பெயர். உப்பளம் என்னும் சொல் அதிலிருந்து வந்ததே.

பூமீஸ்வரர் கோயில்: சோழர் காலக் கற்கோயில். இதன் சுவர்களில் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டியல் கற்கும் மாணவர்களுக்குப் பயன் தரும்.

கழுவேலி: மரக்காணம், வானூர் வட்டங்களில் பரவியுள்ள உவர்நீர் ஈரநிலம். 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடைய இது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூநாரை, கூழைக்கடா, பல்வகை உள்ளான்கள் இங்கு வருகின்றன. பரப்பு மிகப் பெரியது என்பதால் ஆட்டோவோ வாடகை வண்டியோ தேவைப்படும்.

ஆலம்பரைக் கோட்டை: வடக்கே இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கம் அருகே உள்ள சிதைந்த கடற்கரைக் கோட்டை. 1750ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரிடம் அளிக்கப்பட்டது; 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். மூன்றாவது திட்டப்படி சாலை வழியே திரும்புவோருக்கு வழியில் அமையும்.

உப்பளத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

உப்பளம் ஒரு வேலையிடம். அங்குச் செல்பவர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பாத்திக்குள் இறங்கக் கூடாது. மண் கலந்தால் விளைந்த உப்பு கெடும். பல நாள் உழைப்பு வீணாகும்.
வரப்புகள் மண்ணால் ஆனவை. கூட்டமாக நடந்தால் உடையும். ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும்.
பாத்திக்கு உரியவரிடமோ மேற்பார்வையாளரிடமோ அனுமதி பெற வேண்டும்.
கேட்காமல் தொழிலாளர்களைப் படம் எடுக்கக் கூடாது. சுமையுடன் வருபவருக்கு வழிவிட வேண்டும். நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. வேலை முடிந்து இளைப்பாறும்போது பேசலாம்.
உப்பளத்தில் குடிநீர் கிடைக்கும் என எதிர்பார்க்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு லிட்டர் நீர், தொப்பி, மூடிய காலணி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.

ஜப்பானுடன் ஓர் ஒப்பீடு

ரயிலில் அண்டை நகருக்குச் சென்று அன்றே திரும்பும் பழக்கம் பரவலாக உள்ள நாடு ஜப்பான். இதற்கென அம்மொழியில் ஹிகயெரி என்னும் சொல்லே உண்டு. அன்றே திரும்புதல் என்பது அதன் பொருள். ஒசாகாவிலிருந்து கியோத்தோவுக்கு அரை மணி நேரத்திலும், சுமார் 88 கி.மீ. தொலைவிலுள்ள ஹிமேஜிக்கு ஒரு மணி நேரத்திலும் செல்லலாம். ஹிமேஜியிலிருந்து மேலும் அரை மணி நேரத்தில் அகோ என்னும் கடற்கரை நகரை அடையலாம். அகோவும் மரக்காணத்தைப் போல உப்புக்குப் பெயர்பெற்ற ஊர்.

அங்கு நகருக்குள்ளேயே ரயில் நிலையம் இருப்பதால் எந்த நேரத்திலும் சென்று திரும்பலாம். ஆனால் ஜப்பானின் பெரும்பாலான உப்பு வயல்கள் 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, உப்புத் தயாரிப்பு ஆலைகளுக்கு மாறிவிட்டது. இன்று அகோவுக்குச் செல்பவர் பழைய உப்பு வயலின் மாதிரியை அருங்காட்சியகத்தில் காண்கிறார். அருங்காட்சியகம் பயணியின் நேரத்துக்குத் திறந்திருக்கும். மரக்காணத்தில் உப்பு இன்னும் மனிதர்களின் கையால் வாரப்படுகிறது. அவர்கள் சூரியனுக்கு முன்னே எழுந்து வேலையை முடிக்கின்றனர். அதைக் காண வேண்டுமானால் பயணிதான் அவர்களின் நேரத்துக்கு வர வேண்டும்.

புறப்படும் முன் சரிபார்க்க

திரும்பும் ரயில் எது, அது தவறினால் அடுத்தது எது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.
எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணியின்போது சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து இயக்கப்படுவது உண்டு. புறப்படும் இடத்தையும் நேரத்தையும் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்யலாம்.
ரயில் திண்டிவனத்தில் நிற்குமா என்பதைப் பார்க்க வேண்டும்.
மரக்காணத்திலிருந்து திண்டிவனம் புறப்படும் பேருந்தை, ரயிலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன் பிடிக்க வேண்டும்.
வானிலை அறிவிப்பை முதல்நாள் மாலை பார்க்க வேண்டும். கோடையில் பெய்யும் ஒரு மழைகூடப் பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும். அன்று உப்பளத்தில் வாரும் வேலை இராது.